துவைகல்லுக்கு அடியில் ஒரு நாய்

1

இந்தக் கதை எனக்கு ஒரு எடைமேடையில் கிடைத்தது. ராய்ப்பூருக்கு வெளியே, குவாரி லாரிகளை நிறுத்தி எடை போடும் மேடை. பக்கத்துத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து சீட்டுக் கிழித்துக் கொடுப்பது என் வேலை. ஒரு மத்தியானம் வந்த லாரியில் ஜல்லிக்குப் பதில் முழுப் பாறைத் துண்டுகள். மேலே கிடந்த ஒன்றின் ஓரத்தில் சிவப்பாக ஒரு தீற்று. யாராவது வெற்றிலை துப்பியிருக்கலாம். இறங்கிப் போய்ப் பார்க்கலாம் என்று செருப்பை மாட்டுவதற்குள் லாரி போய்விட்டது.

அன்றைக்கு முழுக்க எனக்குப் புதுச்சேரி ஞாபகம். உப்பளம் என்கிற பகுதியில் நான் குடியிருந்த காம்பவுண்டு, அதன் நடுவில் கிடந்த துவைகல், அந்தக் கல்லுக்காகச் சண்டை போட்டுக்கொண்டே சேர்ந்து வாழ்ந்த ஒரு புருஷன் பெண்டாட்டி. இங்கே எனக்குத் தமிழில் பேச ஆள் இல்லை. அதனால் தாளோடு பேசுகிறேன். எழுதுவது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. தப்பு வந்தால் அடித்துவிட்டுப் பக்கத்திலேயே எழுதுகிறேன். அடித்ததும் உங்களுக்குத் தெரியும்.

[முதல் தொடக்கம்: "ஆதிமனிதன் வேட்டையாடிக் களைத்த வேளையில், குகைச் சுவரில்..." வேண்டாம். நான் அவனைப் பார்த்ததில்லை.]

[இரண்டாம் தொடக்கம்: "உப்பளத்தில் அன்று மழை பிடித்துக்கொண்டது. தெருவெல்லாம்..." நான் படித்த கதைகளில் பாதி மழையில்தான் தொடங்குகிறது. வேண்டாம்.]

[மூன்றாம் தொடக்கம்: "தையல்நாயகி துணி துவைத்துக்கொண்டிருந்தாள்."]

இது இருக்கட்டும்.

2

தையல்நாயகி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். காம்பவுண்டில் ஏழெட்டுக் குடித்தனம், ஒரு கிணறு, ஒரு கல். கல் நல்ல கல். அகலம், கொஞ்சம் சரிவு, தண்ணீர் தேங்காது. அவள் வேட்டியை முறுக்கி ஓங்கி அடித்தால் சத்தம் தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்கும்.

"மெல்ல அடிக்கா, நாயி முழிச்சுக்கப் போவுது" என்றான் பக்கிரி. பக்கத்துக் குடித்தனம். பழைய துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன்.

"முழிச்சா மொதல்ல ஒன்னத்தான் கடிக்கும். போடா."

"கடிக்கட்டும். மூவாயிரம் வருசத்து நாயி கடிச்சுதுன்னு ஆஸ்பத்திரில சொல்லுவன். ஊசியும் பழைய காலத்து ஊசியா போடுவாங்க."

கிணற்றில் நீர் இறைத்துக்கொண்டிருந்த கமலவேணி சிரித்த சிரிப்பில் வாளி நழுவிக் கிணற்றுக்குள் போனது.

அந்தக் கல்லுக்குப் பெயரே நாய்க்கல். அதன் அடிப்பக்கத்தில், மண்ணைப் பார்த்தபடி, ஒரு மனிதனும் ஒரு நாயும் சிவப்பு வண்ணத்தில் வரையப்பட்டிருக்கிறார்கள் என்று தையல்நாயகியின் புருஷன் சாமிக்கண்ணு சொல்வான். நாய்க்கு வால் நிமிர்ந்து நிற்கும் என்பான். அவனைத் தவிர யாரும் பார்த்ததில்லை.

சாமிக்கண்ணு மில் தொழிலாளி. லீவு நாளில் மற்றவர்கள் சினிமாவுக்குப் போனால் அவன் கடற்கரையோரம் குனிந்துகொண்டே நடப்பான். கணவாய் மீனின் வெள்ளை ஓடு, சுறா முட்டையின் காய்ந்த தோல் பை, திருவக்கரைப் பக்கம் வயல் வரப்பில் பொறுக்கிய கல்மரத் துண்டு என்று எதையாவது மடியில் கட்டிக்கொண்டு வருவான். எல்லாம் வீட்டு அலமாரியில், அரிசி டின்னுக்குப் பக்கத்தில் இருக்கும். வருகிறவர்கள் கையில் கல்மரத்தைக் கொடுப்பான்.

"தூக்கிப் பாருங்க. மரமா, கல்லா?"

"கல்லுதான், கனக்குதே."

"ரேகையப் பாருங்க."

"அட, மரம்!"

"ரெண்டும். மரமா வுழுந்துச்சு, கல்லா எழுந்திரிச்சுது." இதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவேண்டும். அந்த மரத்தை அவனே நட்டு வளர்த்த மாதிரி இருக்கும்.

"அரிசி வெக்க எடமில்ல" என்பாள் தையல்நாயகி உள்ளேயிருந்து. "ஒரு நாளு அத ஒலையில போட்டு வடிச்சுக் கொட்டறன், துன்னு."

ஆனால் அலமாரியைத் துடைக்கும்போது ஒவ்வொன்றையும் எடுத்து, துடைத்து, அதே இடத்தில் வைப்பாள். சுறா முட்டைத் தோலை மட்டும் ஊதித் துடைப்பாள், நொறுங்கிவிடும் என்று.

(குழியானையைப் பற்றி ஒரு வார்த்தை. கதைக்கு வேண்டாம்தான், மனசு கேட்கவில்லை. கிணற்றடிச் சுவரோரம் காய்ந்த மணலில் சின்னச் சின்னப் புனல் குழிகள் இருக்கும். அடியில் மிளகு அளவு ஒரு பூச்சி காத்திருக்கும். எறும்பு சறுக்கினால் மணலை வீசி இழுத்துக்கொள்ளும். வெளியே எடுத்துவிட்டால் பின்பக்கமாகவே நடக்கும். சாமிக்கண்ணு அதை உள்ளங்கையில் வைத்துக் காட்டுவான். மில் மூடிய பிறகு ஒருநாள், "என்ன மாதிரியே போவுது பாரு" என்றான். யாரும் சிரிக்கவில்லை.)

3

கல் வந்த கதை.

தையல்நாயகிக்குப் பிறந்த ஊர் விழுப்புரத்துக்கு மேற்கே. கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டு விருந்துக்குப் போன சாமிக்கண்ணு, சாப்பிட்டுவிட்டுச் சும்மா கிடக்காமல் ஊருக்கு வெளியே இருந்த குன்றில் ஏறினான். மேலே பாறை ஒன்று கூரைபோல நீட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் சிவப்புக் கோடுகள். ஆட்கள், மாடு மாதிரி ஒன்று, வட்டம் போட்டு நடுவில் புள்ளி. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கோவணக்காரர் ஒருவர், "அது எப்பவும் இருக்குது மாப்ள" என்றார். வேறு விவரம் கிடைக்கவில்லை.

அடுத்த தடவை போனபோது பாதிக் குன்று இல்லை. ஜல்லிக்கு வெடி வைத்திருந்தார்கள். சரிந்து கிடந்த கற்களுக்கு நடுவே ஒன்றில் ஒரு மனிதனும் நாயும் முழுசாகத் தப்பியிருந்தார்கள். அப்போது தையல்நாயகி கைக்குழந்தையோடு புதுச்சேரியில் இருந்தாள். சாமிக்கண்ணு கல்லைக் கோணியில் சுற்றி, சவுக்குக்கட்டை ஏற்றி வந்த லாரியில் கெஞ்சி ஏற்றிக்கொண்டான்.

காம்பவுண்டுக்குச் சொந்தக்காரி ராஜாம்பாள். பிரெஞ்சுக்காரர் ஆபீசில் வேலை பார்த்தவரின் பெண்டாட்டி. எந்த ஆம்பளையையும் பிரெஞ்சில் ஐயா என்கிற 'முசே' போட்டுக் கூப்பிடுவார், மரியாதைக்குப் பாதி, கிண்டலுக்குப் பாதி.

"என்ன முசே சாமிக்கண்ணு, என் வாசலுக்குக் கல்லு கொண்டாந்திருக்கிறீங்க?"

"தொவைக்கற கல்லும்மா" என்றான். வாயில் வந்தது அதுதான்.

சொன்ன பிறகு பதிக்காமல் முடியுமா? அன்றைக்கே கொத்தனாரைக் கூப்பிட்டான். கடற்கரை மணலைக் கொட்டி, அதன்மேல் படம் உள்ள பக்கத்தைக் குப்புறப் போட்டுப் பதித்தான். கடல் ஆமை முட்டையை மணலில் மூடிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறான். மணலைவிடப் பத்திரமான இடம் அவனுக்குத் தெரியவில்லை. குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போயிருந்த தையல்நாயகி திரும்பி வந்தபோது கல்லின்மேல் தண்ணீர் தெளித்து வைத்திருந்தது.

4

இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவ்வளவு ஆசையாகக் கொண்டுவந்தவன் படத்தை ஏன் கீழே போட்டான்? நீங்கள் கேட்பீர்கள். நானே கேட்டேன். இரண்டு நாள் எழுதாமல் லாரிகளை மட்டும் எடை போட்டேன். சாமிக்கண்ணு பொய் சொல்கிறானோ என்றுகூட நினைத்தேன். ஆசிரியனுக்கே நம்பிக்கை இல்லாத ஆளை வைத்துக்கொண்டு எப்படி...

பிறகுதான் அவன் பெண்டாட்டியிடம் சொன்னது ஞாபகம் வந்தது. சுவர் மெல்லிசு. எங்கள் பக்கம் எல்லாம் கேட்கும்.

"படம் மேல இருந்தா என்னா ஆவும் தெரியுமா? மொத நாளு கமலவேணி மஞ்ச தடவுவா. மறுநாளு எவனாவது எண்ணெ ஊத்துவான். அப்பறம் எலுமிச்சம்பழம், சூலம். வூட்டுக்காரம்மா உண்டியலு வெச்சுடுவாங்க. நீ எங்க தொவைப்ப?"

"சரி, மறைச்சவன் வாய மூடிகினு இருக்க வேண்டியதுதான? ஊரு பூரா தண்டோரா போட்டுட்டு வந்தியே."

அலமாரியில் எதையோ எடுத்துத் திரும்ப வைக்கிற சத்தம்.

"எப்படி சொல்லாம இருக்கறது, தையலு?"

இதைக் கேட்ட பிறகு எனக்கு அவன்மேல் சந்தேகம் போய்விட்டது. உங்களுக்குப் போகாவிட்டால் நான் ஒன்றும் செய்வதற்கில்லை.

5

எண்பதுகளில் மில் மூடினார்கள். திறப்பார்கள் என்றார்கள். காலையில் சங்கு ஊதாததால் முதலில் சில நாள் காம்பவுண்டே லேட்டாக எழுந்தது. சாமிக்கண்ணு அங்கே இங்கே கிடைத்த வேலைக்குப் போனான். தறியின் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசிப் பழகியவன், மெதுவாகப் பேச ஆரம்பித்தான். கல்மரத்தை யார் கையிலும் கொடுப்பதில்லை. நாயைப் பற்றி மட்டும் யாராவது கிண்டல் செய்தால் முகத்தில் பழைய வெளிச்சம் வரும்.

அப்போதுதான் டீக்கடைப் பேப்பரில் ஒரு செய்தி. விழுப்புரம் பக்கத்துப் பாறைகளில் பழங்காலத்துச் சிவப்பு ஓவியங்கள். பக்கிரி பேப்பரைக் கிழித்துக்கொண்டே வந்துவிட்டான்.

"மாமா! ஒன் நாயி நெசம்தானா?"

அன்றிலிருந்து காம்பவுண்டில் சாமிக்கண்ணுவுக்கு மரியாதை. கமலவேணி அவனைப் பார்த்தால் இடுப்பில் செருகிய புடவையை இறக்கிவிடுவாள். கிணற்றடிக்குக் குழாயும் சிமெண்டு மேடையும் போட நினைத்திருந்த ராஜாம்பாள் நாளே குறித்துவிட்டார்.

"ஞாயித்துக்கெழம கல்லத் தூக்குறோம். எங்க அக்கா மவன் சுப்பிரமணியன் கேமரா கொண்டாறான். ஒங்க நாயும் வெளிய வரட்டும், முசே."

இந்தத் தடவை 'முசே'யில் கிண்டல் இல்லை.

சாமிக்கண்ணு சலவைக்காரரிடம் சட்டையைக் கொடுத்துப் பெட்டி போட்டு வாங்கி வந்தான். தையல்நாயகி அந்தச் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏனென்றால் கல்லுக்கு அடியில் நாய் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

6

இது எனக்கு யாரும் சொன்னதில்லை. நான் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே காம்பவுண்டைக் காலி செய்துகொண்டு வடக்கே வந்துவிட்டேன். அதனால் இனி வருவது முழுக்க என் கற்பனை. இதுவரை வந்ததில் எவ்வளவு கற்பனை என்று கேட்காதீர்கள்.

சில வருஷம் முன்னால் ஒரு மழைக்காலத்தில் கழிவுநீர்க் கால்வாய் அடைத்துக்கொண்டது. கொத்தனார் ஆதிமூலம் வந்தான். சாமிக்கண்ணு மில்லில். கால்வாயைத் தோண்ட, ஆதிமூலம் கல்லின் ஒரு பக்கத்தைக் கடப்பாறையால் நெம்பி முட்டுக் கொடுத்து நிறுத்தினான். தையல்நாயகி சேற்றில் மண்டியிட்டு, கன்னம் தரையில் படக் குனிந்து பார்த்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் புருஷன் சொன்ன எதையும் அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை.

அடிப்பக்கம் முழுக்க வெள்ளை. அவள் வீட்டுக் குட்டைச் சுவரைப் போலவே உப்புப் பூத்து, செதில் செதிலாக உரிந்து கிடந்தது. கடல் மணலின் உப்புதான். தோலை உரித்த மாதிரிக் கல்லின் முகமே கீழே மணலாகக் கொட்டியிருந்தது. ஒரு மூலையில் மட்டும் விரல் நீளத்துக்குச் சிவப்பாக ஒரு கோடு. நுனி கொஞ்சம் மேல்நோக்கி வளைந்திருந்தது.

"என்னாம்மா அது, துருவா?" என்றான் ஆதிமூலம்.

"துருதான். எறக்கு."

அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பக்கிரி எப்போதாவது, "ஒரு தடவ பொரட்டிப் பாத்துருவமாக்கா?" என்றால், "ஒங்க அப்பன் வூட்டுக் கல்லா? பேத்துப் போட்டுட்டு நாளைக்கு ஒன் கோமணத்த எங்க தொவைக்கறது?" என்று பாய்வாள். புருஷனின் புளுகு வெளியே வந்துவிடும் என்று பயப்படுகிறாள் என எல்லோரும் நினைத்தார்கள். அவள் நினைக்கவிட்டாள்.

இப்போது மில் இல்லை. அவனுக்கென்று ஊர் கேட்கிற பேச்சு ஒன்றே ஒன்றுதான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை அதுவும் போகப்போகிறது. அவன் கையால் போட்ட மணலே அதைத் தின்றுவிட்டது என்று அவனுக்கு எல்லோர் முன்னாலும் தெரியப்போகிறது.

7

முடிவுகள்.

(அ) தையல்நாயகி கடையில் காவிக்கட்டி வாங்கி வந்து, கரைத்து, யாருக்கும் தெரியாமல் கல்லின் அடியில் நாயை வரைகிறாள். இதை ஒரு பக்கம் எழுதினேன். கோலத்துக்குக் காவி கட்டுகிற கைதானே, வால் நன்றாக வந்தது. அப்புறம்தான் உறைத்தது: கல்லைத் தூக்காமல் அடியில் எப்படி வரைவாள்? ஒரு பக்கம் வீண்.

(ஆ) கல்லைப் புரட்டுகிறார்கள். மனிதனும் நாயும் நேற்று வரைந்த மாதிரி பளிச்சென்று. கேமரா, பேப்பர், மாலை. எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. மறுநாள் படித்தால் கூச்சமாக இருந்தது. உரிந்த கல்லை என் பேனா ஒட்டவைக்குமா? உப்பு உப்புதான்.

(இ) கல்லைப் புரட்டுகிறார்கள். ஒன்றும் இல்லை. பக்கிரி முதலில் சிரிக்கிறான். பெட்டி போட்ட சட்டையில் சாமிக்கண்ணு கல்லின் பக்கத்தில் உட்கார்ந்து, கையால் அந்த வெள்ளைப் பொடியை...

இதற்கு மேல் எழுதவில்லை. இதுதான் நியாயமான முடிவு என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்த ஊரில் எனக்கு இருக்கிற மனிதர்கள் இவர்கள்தான்.

ஆகவே பேனாவை வைத்துவிட்டு, தையல்நாயகி என்ன செய்வாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைக் கேட்கவில்லை.

8

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவள் வீடு வீடாகப் போனாள்.

"கமலவேணி, அழுக்குத் துணி இருந்தா குடுடி. போர்வ, மெத்த ஒற, எல்லாம்."

"ஒனக்கு என்னாக்கா ஆச்சு?"

"குழா வந்துட்டா அடிச்சுத் தொவைக்க முடியாது. கடைசியா ஒரு நாளு. குடு."

பக்கிரியின் மூட்டை தூக்கும் சட்டைகளை வாங்கினாள். ராஜாம்பாள் வீட்டு ஜன்னல் திரைகளைக்கூடக் கழற்றிக்கொண்டு வந்தாள். கிணற்றடியில் துணி மலையாகக் குவிந்தது. அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கல்லின்மேல் ஒரு காலை ஊன்றி அடிக்க ஆரம்பித்தாள்.

ஆதிமூலம் கடப்பாறையோடு வந்தான். கேமரா வந்தது. காம்பவுண்டே கூடியது.

"நவுருக்கா" என்றான் பக்கிரி. "நாயிக்கு மூச்சு முட்டுது."

"இவ்ளோ காலம் முட்டாத மூச்சு இப்ப முட்டுதா? நில்லு, துணி இருக்குது."

"எவ்ளோ நேரம் ஆவும் தையலு?" என்றார் ராஜாம்பாள்.

"ஒங்க தெரதான்மா நெறய அழுக்கு. ஏழெட்டுத் தண்ணி கேக்கும் போல."

ராஜாம்பாள் திண்ணையில் போய் உட்கார்ந்தார். ஆதிமூலம் கல்லை ஒரு தடவை பார்த்தான். கடப்பாறையைச் சுவரில் சாய்த்துவிட்டு, டீ குடிக்கப் போனான்.

சாமிக்கண்ணு வீட்டுக்குள்ளிருந்து வந்தான். பெட்டி போட்ட சட்டை, சீவிய தலை. கல்லைப் பார்த்தான். துணி மலையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவள் நிமிரவே இல்லை. அவன் ஊரில் எல்லாக் குட்டிப் பிராணிகளையும் உற்றுப் பார்த்தவன். சுவரோரம் குழியானை குழிக்குள் அசையாமல் இருப்பது எதற்கு என்று அவனுக்குத் தெரியும்.

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். கிணற்றடிக்கு வந்து, அவள் அடித்துப் போட்ட போர்வையின் ஒரு முனையைப் பிடித்தான். அவன் ஒருநாளும் துணியைத் தொட்டதில்லை. இரண்டு பேரும் எதிரெதிரே நின்று முறுக்கினார்கள். தண்ணீர் கல்லின்மேல் ஓடியது.

"நீ பாத்துட்டியா?" என்றான் அவன், மெதுவாக. மில் மூடிய பிறகு பழகிய குரல். யாருக்கும் கேட்கவில்லை.

"ம்."

அவன் முறுக்குவதை நிறுத்தவில்லை. இன்னொரு சுற்று முறுக்கினான்.

"வாலு?"

தையல்நாயகி போர்வையை அவனிடமிருந்து வாங்கி உதறினாள். வெயிலில் தூறலாகத் தெறித்தது.

"நிமிந்துதான் இருக்குது" என்றாள்.

அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது. எவ்வளவு என்று நான் எழுதமாட்டேன்.

9

கடப்பாறை சுவரில் சாய்ந்து கிடக்கிறது. ஆதிமூலம் டீ குடித்துவிட்டு வந்துவிடுவான். கேமராவில் பிலிம் இருக்கிறது. உங்களுக்குக் கல்லைப் புரட்டிப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் பாருங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் முதலில் அவளை நகரச் சொல்லவேண்டும். நான் சொல்லிப் பார்த்தேன். கதையை முடிக்கவேண்டும் என்றேன். என்னையும் ஏறிட்டுப் பார்க்காமல், "ஒன் சட்டையும் அழுக்காத்தான் இருக்கும், கழட்டிப் போடு" என்றாள்.

தையல்நாயகி துணி துவைத்துக்கொண்டிருக்கிறாள்.